இரட்டைக் கல்லும் புல்புரியும்

மும்பையில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் இந்த வருடம் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். "மரம் வளர்த்த மாமணி" என்று ஒரு பட்டமும் கொடுத்தார்கள். செயலாளர் சுடலைமுத்து அண்ணாச்சி தாராவியில் தோல் பட்டறை வைத்திருப்பவர். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. மொட்டை மலைகளையெல்லாம் பச்சையாக்கிய மனிதர் இவர் என்று என்னைக் காட்டிச் சொன்னார். கூட்டம் கை தட்டியது. நான் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் ஒரு மரமும் நட்டவனில்லை, நடுவதற்கு இடம் காலியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவன் மட்டுமே என்று சொன்னேன்.

"எடம் இல்லாம மரத்த எங்க சார் நடுதது? ரெண்டும் ஒண்ணுதான்," என்றார். சாம்பாரை இன்னொரு முறை வாங்கிக்கொண்டு, "மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாங்க. நம்ம பிள்ளைகளுக்கும் தெரியணும்லா," என்றார்.

அந்த நாலு பக்கத்தை ஆறு மாதம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன். அவர் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது.

தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, மும்பைக் கோட்டைப் பகுதியில் இருந்த ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். காகித ஆலைகளுக்கும் பலகை ஆலைகளுக்கும் மரத்தோட்டம் போட நிலம் தேடிக் கொடுப்பது எங்கள் தொழில். அரசு நிலத்தில் எந்தச் சரிவு காலியாக இருக்கிறது, மண் எவ்வளவு ஆழம், யூகலிப்டஸ் வருமா என்று பார்த்து அறிக்கை கொடுப்போம். அதை வைத்து அரசு கம்பெனிக்குக் குத்தகை கொடுக்கும். ஓய்வு பெறும்வரை அந்த ஒரே வேலைதான் செய்தேன்.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் பாட்டங்கர் சாகேப். ஒல்லியான மனிதர். தன்னைவிட இருபது வயது சின்னவனையும் 'நீங்கள்' என்றுதான் அழைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சேர்ந்த முதல் வாரம் அவர் மேசையில் இரண்டு விமானப் புகைப்படங்களை அருகருகே வைத்து, மேலே ஒரு கண்ணாடிக் கருவியை நிறுத்தி, பாருங்கள் என்றார். கொஞ்ச நேரம் எல்லாம் கலங்கலாக இருந்தது. பிறகு சட்டென்று ஒரு மலை காகிதத்திலிருந்து எழுந்து என் மூக்குக்கு நேராக நின்றது. ஓடைகள் பள்ளத்தில் இறங்கின. ஒற்றை மரம் ஒன்று நிழலோடு நின்றது. நான் பின்னுக்குச் சாய்ந்துவிட்டேன். அவர் சிரித்து, எல்லோரும் முதல் தடவை இப்படித்தான் என்றார். அந்த வியப்பு எனக்குக் கடைசிவரை தீரவில்லை. மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுகிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்தது நடைப் பயிற்சி. ஒரு ஞாயிறு காலை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த பூங்காவுக்கே வந்துவிட்டார். நூறு மீட்டர் டேப்பைத் தரையில் விரித்து என்னைப் பத்து முறை நடக்கவைத்தார். சராசரி நூற்று முப்பத்திரண்டு காலடி. ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் அதை மறுபடி அளப்பார். மலையில் டேப்பை இழுத்துக்கொண்டு போக முடியாது, அடிதான் அளவு. உங்கள் அடி உங்கள் கையெழுத்து மாதிரி, மாறினால் எனக்குச் சொல்லவேண்டும் என்பார். நூறு அடிக்கு ஒரு தீக்குச்சியை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றவேண்டும். பேசக்கூடாது.

களக் குறிப்பேட்டுக்கும் அவரிடம் சட்டம் இருந்தது. பென்சிலால் எழுதவேண்டும். ரப்பர் கூடாது. தவறான வரியை ஒரே கோட்டால் அடிக்கவேண்டும், அடித்தது படிக்கத் தெரியவேண்டும், பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு விதி: கண்டதை எழுதுங்கள், காணாததை எழுதாதீர்கள், தெரியாததை எழுதவே எழுதாதீர்கள். அவர் ஒரு பொய் எழுதி நான் பார்த்ததில்லை. நானும் எழுதியதில்லை. என் அறிக்கைகளில் ஒவ்வொரு வரியும் உண்மை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

நாங்கள் களத்துக்குப் போனது எப்போதும் ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான். மேகம் இல்லாத வானத்தில்தான் விமானப் படம் எடுக்க முடியும். மழை விழுந்தால் ஜீப் ஏறாது. முதல் மழைக்குக் குழி தயாராக இருக்க வேண்டுமென்றால் அறிக்கை மே முடிவதற்குள் போய்ச் சேரவேண்டும். இந்தக் காரணங்களில் எதையும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வேலை செய்த காலம் முழுவதும் நான் ஒரு மலையைக்கூட மழையில் பார்த்ததில்லை.

முப்பத்தைந்து வருடம் முன்பு ஒரு மே மாதம் நாங்கள் ஏறிய சரிவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். மும்பையிலிருந்து ஜீப்பில் நாலைந்து மணி நேரம். அடிவாரத்தில் ஆதிவாசிகளின் சிறு குடியிருப்பு, அதைப் பாடா என்பார்கள். பெயரை எழுதவேண்டாம் என்று அந்த மக்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. குடிசைகளெல்லாம் மூங்கில் தட்டி கட்டிச் சாத்தியிருந்தன. காது கேளாத கிழவர் ஒருவர் மட்டும் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மற்றவர்கள் பிழைப்புக்குப் போயிருப்பார்கள் என்று ஜீப் டிரைவர் சொன்னான்.

ஓடையிலிருந்து உச்சிவரை நேர்கோட்டில் நடப்பது என் வேலை. மலை எரிந்த அப்பளம் மாதிரி இருந்தது. காலுக்கடியில் புல் தட்டை நொறுங்கியது. எங்கள் படிவத்தில் 'மனிதப் பயன்பாடு' என்று ஒரு கட்டம் உண்டு. நடைபாதை, அடுப்புச் சாம்பல், வெட்டிய கட்டை, சாணம் என்ற நான்கில் எதைக் கண்டாலும் குறிக்கவேண்டும். நான்கும் அங்கே இல்லை.

வேறொன்று இருந்தது. ஓடைக்கரையில் ஒரு தட்டைக் கல்லின்மேல் இன்னொரு கல் வைத்திருந்தது. நடுவில் காய்ந்த புல்லைத் திரித்த ஒரு புரி. பதினெட்டு அடி தள்ளி அதே மாதிரி இன்னொன்று. பிறகு அறுபத்துநாலு அடியில் ஒன்று. அப்படி மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றின் தூரத்தையும் குறித்தேன். பதினொரு இடைவெளி வந்த பிறகு இருநூற்றுப் பத்து அடிக்கு எதுவும் இல்லை. அந்த இடத்தில் 'கல் இல்லை, ஒன்றுமில்லை' என்று எழுதினேன். பிறகு உச்சிவரை இன்னும் எட்டு. பக்கத்தின் அடியில், 'இரட்டைக் கற்கள், நடுவில் புல்புரி, யாரோ வைத்தவை, காரணம் தெரியவில்லை' என்று ஒரு வரி.

சாகேப் ஒரு பாறை நிழலில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். தோலை மண்ணில் புதைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டை வாங்கினார். அந்த வரியில் பென்சில் நின்றது.

"இது என்ன?"

"தெரியவில்லை சார். யாரோ வைத்திருக்கிறார்கள்."

"வைப்பதைப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"எதற்கென்று தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியானால் அடித்துவிடுங்கள்."

அடித்தேன். ஒரே கோடு. பக்கத்தில் கையெழுத்து, தேதி. அறிக்கையில் 'மனிதப் பயன்பாடு காணப்படவில்லை' என்று போனது.

ஜூனில் ஒரு தடவை வந்து பார்க்கலாமா சார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. என் பதவி உயர்வுக் காகிதம் அந்த வாரம் அவர் மேசையில் இருந்தது. அவர் அதை என்னிடம் நினைவூட்டவில்லை, அப்படிப்பட்டவர் அல்ல. நானே நினைத்துக்கொண்டேன். அந்த மலை யூகலிப்டஸ் ஆனது. எனக்கு மூத்த அதிகாரி பதவி கிடைத்தது. இரண்டையும் இத்தனை காலம் நான் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

போன தீபாவளி சமயத்தில் பழைய ஆபீஸிலிருந்து ஸ்ருதி என்ற பெண் போன் செய்தாள். திலக் நகரில்தான் வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அந்த மலையின் குத்தகை முடிந்து, மரங்களை வெட்டி இரண்டு வருடம் ஆகிறதாம். இப்போது இன்னொரு கம்பெனி அங்கே கார்பனுக்காக மரம் நடப் போகிறதாம். மரம் உறிஞ்சும் புகையைக் கணக்கிட்டு வெளிநாட்டில் விற்பார்கள். பாடாக்காரர்கள் மலையின் மேல் கூட்டு உரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். காட்டு நிலத்தைத் தலைமுறையாகப் புழங்கியவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுக்க இப்போது சட்டம் இருக்கிறது. மனு ஒரு முறை தள்ளுபடியாகி, மறுவிசாரணைக்கு வந்திருந்தது.

"ட்ரோன் இருக்கு, சாட்டிலைட் இருக்கு அங்கிள். ஆனா அந்தக் காலத்துல அங்க யாருமே இல்லன்னு சொல்ல உங்க ரிப்போர்ட் மட்டும்தான் இருக்கு. எவ்ளோ க்ளீனா இருக்கு தெரியுமா? இது நான் எழுதினதுன்னு ஒரு லெட்டர், ஒரு ஸைன். அவ்ளோதான்."

அனுப்பு, போடுகிறேன் என்றேன். யாரோ என்னை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. கடிதம் வந்தது. பேனா தேடிக்கொண்டிருந்த நாட்களில்தான் பால்கனியிலிருந்து அதைப் பார்த்தேன்.

எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தை இடித்து டவர் கட்டுகிறார்கள். காம்பவுண்டு ஓரமாக ஒரு பெண் உடைந்த சென்டரிங் பலகைகளை அடுப்புக்காகச் சேர்த்துக் குவித்தாள். ஐம்பது வயது இருக்கும். குவித்து முடித்ததும் ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வைத்தாள். அதன்மேல் இன்னொரு கல். எதையோ மறந்தவள்போல நின்று, சுற்றிலும் பார்த்து, ஒரு சிமென்ட் சாக்கிலிருந்து நூலை உருவி, திரித்து, மேல் கல்லைத் தூக்கி நடுவில் வைத்தாள். பிறகு வேலைக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வைத்த செருப்புகூடத் தங்காத தெரு எங்களுடையது. அந்த விறகை ஒருவரும் தொடவில்லை. அவளோடு வேலை செய்த நாற்பது பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"என்னாக்கும் அங்க அப்பிடிப் பாத்துண்டிருக்கேள்? நீங்களும் சித்தாள் வேலைக்குப் போகப் போறேளா?" என்றாள் என் மனைவி.

நாலாம் நாள் கீழே இறங்கிப் போய்க் கேட்டேன். அவள் பெயர் ஜானுபாய். எனக்கு ஆபீஸ் மராத்தி நன்றாக வரும், அவளுடைய மராத்தி வேறு. இருந்தாலும் புரிந்துகொண்டோம். பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இது எதுக்குன்னா கேக்கிறீங்க? என்னுதுன்னு அர்த்தம். நான் திரும்பி வருவேன்னு அர்த்தம்."

"நடுவில் நூல்?"

"கல்லை ஆடு தள்ளும், மழை தள்ளும். புரி இருந்தாத்தான் மனுசன் வச்சது. ஊர்ல புல்லுலதான் வைப்போம். இங்க புல்லுக்கு எங்க போறது?"

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். எனக்குத் தெரிந்த ஊர்தான், அந்த மலையடிவாரப் பாடா.

மழைக்குப் பிறகு அந்தச் சரிவில் புல் ஆள் மட்டத்துக்கு வருமாம். குடும்பத்துக்கு ஒரு பாத்தி. அறுத்து மாட்டுக்கும் கூரைக்கும் வைத்துவிட்டு, மீதியைச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். அறுப்பு முடிந்து மும்பைக்குக் கூலி வேலைக்குக் கிளம்பும்போது அவரவர் பாத்தியின் எல்லையில் இரட்டைக் கல் வைத்துப் புரி சொருகிவிட்டு வருவார்கள். அடுத்த மழைக்கு வந்து கல்லை இறக்குவார்கள். எங்கே வேலைக்கு வருவீர்கள் என்று கேட்டேன். இதோ இந்த ஸ்டேஷன் பக்கத்தில் கூலிக்கு ஆள் நிற்கும் நாக்காதான், என் அம்மா காலத்திலிருந்து என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் செம்பூரில்தான் குடியிருந்தேன். தினமும் காலையில் அந்த நாக்காவைக் கடந்துதான் ரயிலுக்குப் போவேன். கூடையும் மண்வெட்டியுமாகக் கூலிக்குக் காத்து நின்ற பெண்களை ஒதுங்கச் சொல்லி வழி கேட்டிருக்கிறேன். 'மனிதப் பயன்பாடு காணப்படவில்லை' என்று நான் எழுதிய மலையின் மனிதர்கள் என் தோளை உரசிக்கொண்டுதான் நின்றிருக்கிறார்கள். அந்த மலையின் ஒவ்வொரு எல்லையிலும் அவர்கள் எழுதி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். எம்.எஸ்ஸி. படித்தவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒரு வருடம் திரும்பிப் போனபோது மலையைச் சுற்றி அகழி வெட்டியிருந்ததாம். காவல்காரன் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டான். அவள் அம்மா மறுபடியும் புல் அறுக்கப் போய்ப் பிடிபட்டாள். வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் புத்தகத்தில் புல் திருடி என்று அவள் பெயரை எழுதினார்கள். தைல மரத்தடியில் வந்த கொஞ்சப் புல்லையும் மாடு தின்னவில்லை. மாடு போயிற்று. ஆறு மாதம் மும்பை என்பது வருடம் முழுவதும் மும்பை ஆயிற்று. இப்போது மரம் வெட்டிய இடத்தில் புல் திரும்பத் தலை காட்டுகிறது, ஆனால் வேறு கம்பெனி வருகிறது என்கிறார்கள், இந்தத் தடவையும் போனால் அவ்வளவுதான் என்றாள். யாரோ ஒரு சாகேப் எழுதிய பழைய காகிதம் குறுக்கே நிற்கிறதாம்.

"அந்த சாகேப் நான்தான்," என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். தலைச்சுமாட்டைச் சரிசெய்துகொண்டு, "வயசாயிடுச்சே உங்களுக்கு," என்று மட்டும் சொன்னாள். பிறகு செங்கல் தூக்கப் போய்விட்டாள்.

அன்று மாலை பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். எல்லாக் குறிப்பேடுகளையும் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் இருந்தது. பென்சில் மங்கவில்லை. அடித்த வரி, அடித்த கோட்டுக்குக் கீழே தெளிவாகத் தெரிந்தது. அடித்தது படிக்கத் தெரியவேண்டும் என்று என்னைப் பழக்கிய மனிதரை நினைத்துக்கொண்டேன். அவர் விதியால் போன வரி, அவர் விதியாலேயே பிழைத்துக் கிடந்தது. ஸ்ருதிக்குப் போன் செய்து கையெழுத்துப் போடமாட்டேன், விசாரணைக்கு நானே வருகிறேன் என்றேன். "ஓகே அங்கிள்," என்றாள்.

விசாரணை மார்ச் மாதம், தாலுகா ஆபீஸில். பாடாவிலிருந்து முப்பது பேர் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜானுபாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். குறிப்பேட்டை நான் அவளிடம் காட்டவே இல்லை. காட்டியிருந்தால் சாட்சி கெட்டுப்போகும்.

அறிக்கையை எழுதியவன் நான், அதில் ஒரு வரியை மறைத்தேன் என்று உட்கோட்ட அதிகாரியிடம் சொல்லிக் குறிப்பேட்டைக் கொடுத்தேன். யார் அடித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். மேலதிகாரி சொன்னாரா என்றார். சொன்னார், ஆனால் பென்சில் என் கையில் இருந்தது என்றேன்.

அதிகாரி கெட்டிக்காரர். இரட்டைக் கல் இருந்தது சரி, அது எல்லை என்பதற்கு என்ன நிரூபணம் என்றார். பிறகு குறிப்பேட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பாத்தி யார் யாருடையது, அகலமா குறுகலா என்று ஓடையிலிருந்து மேலே சொல்லிக்கொண்டு போகுமாறு பாடாக்காரர்களைக் கேட்டார். எல்லோரும் ஜானுபாயைப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓடைக்கரையில லஹானு. குறுகல், ரெண்டு ஆடுதான் அவனுக்கு."

அதிகாரி பதினெட்டு என்று வாசித்தார்.

"அப்புறம் ராக்யா வீடு. அகலம். மூணு அண்ணன் தம்பி."

அறுபத்துநாலு.

அவள் சொல்லச் சொல்ல, அந்த வீட்டைச் சேர்ந்தவர் தரையிலிருந்து எழுந்து நின்றார். சிலருக்கு மகன் நின்றான், ஒரு வீட்டுக்கு மருமகள் நின்றாள். அகலம் என்று அவள் சொன்ன இடத்தில் என் எண் பெரிதாக இருந்தது. குறுகல் என்ற இடத்தில் சிறிதாக இருந்தது. ஐந்தாவதுக்கு அப்புறம் அதிகாரி வாசிக்கும் குரல் மாறிவிட்டது. அன்று கண்ணாடிக் கருவியில் மலை எழுந்து நின்றதைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்க்கவில்லை. என் எண்களுக்கு முப்பத்தைந்து வருடம் கழித்து ஆள் முளைத்து நின்றது.

பதினொன்றாவது பெயரைச் சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். "அதுக்கு மேல கல் கிடையாது," என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். அவர் முன்னால் இருந்த பக்கத்தில், 'கல் இல்லை, ஒன்றுமில்லை. இருநூற்றுப் பத்து அடி.'

"ஏன் கிடையாது?" என்றார்.

"அது கல் வைக்க ஆள் இல்லாதவங்களுக்கு. புருசன் செத்தவ, மாடு செத்தவன், எங்கிருந்தோ வந்து ஒண்டினவன். அவங்க கல் வைக்கவும் கூடாது, அவங்கள வராதேன்னு யாரும் சொல்லவும் கூடாது. எங்கப்பா போனப்புறம் எங்கம்மா அங்கதான் அறுத்தா."

மண் குழியின் விவரம் பக்கத்தின் ஓரத்தில் இருந்தது. நானே வெட்டி நானே அளந்த குழிகள். அந்தச் சரிவிலேயே மண் மிக ஆழமாக இருந்தது அந்த இருநூற்றுப் பத்து அடியில்தான். அந்த ஊர் தன் மலையில் நல்ல நிலத்தை ஒன்றுமில்லாதவர்களுக்காக ஒதுக்கி, அதில் ஒரு கல்லும் வைக்காமல் விட்டிருந்தது. கம்பெனி முதல் வருடம் நட்டதும் அங்கேதான். மண் நன்றாக இருக்கிறது, இங்கே தொடங்கலாம் என்று பரிந்துரை செய்தவன் நான். இதையும் அதிகாரியிடம் சொன்னேன். ஜானுபாய் அப்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

பழைய அறிக்கையின் அந்த வாசகம் இனி நிற்காது என்றும், உரிமையை ஏற்கலாம் என்றும் எழுதி மாவட்டக் குழுவுக்கு அனுப்பினார்கள். குழு இன்னும் கூடவில்லை. வெளியே வராந்தாவில் ஸ்ருதி நின்றிருந்தாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அங்கிள்," என்றாள். அவள் நினைத்தது போன தீபாவளியை, நான் நினைத்தது அந்த மே மாதத்தை. ஆமாம், சொல்லியிருக்கலாம் என்றேன்.

ஜூன் முதல் மழை விழுந்த வாரம் பாடாவிலிருந்து ஆள் அனுப்பினார்கள். யூகலிப்டஸ் போட்ட நாளில் கல்லெல்லாம் உருண்டுபோய்விட்டது, வரிசை எங்களுக்குத் தெரியும், அளவு உங்கள் நோட்டில்தான் இருக்கிறது, வந்து நடந்து காட்டுங்கள் என்றார்கள்.

எழுபத்துமூன்று வயதில் முதன்முதலாக ஒரு மலையை மழையில் பார்த்தேன். வெட்டிய கட்டைகளுக்கு நடுவே பச்சை பொங்கிக்கொண்டு வந்தது. நான் காய்ந்த தட்டை என்று எழுதிய இடத்தில் ஒரு பெண் குனிந்து, ஐந்து நிமிடத்தில் ஐந்து வகைப் புல்லைப் பெயர் சொல்லிப் பிரித்து என் கையில் வைத்தாள். எனக்கு இரண்டுதான் தெரிந்திருந்தது.

ஓடைக்கரையில் மட்டும் பழைய அடிக்கற்கள் இரண்டு அசையாமல் இருந்தன. லஹானு பாத்தியின் இரண்டு எல்லைகள். அன்று எனக்குப் பதினெட்டு அடி. இப்போது நடந்தேன், இருபத்துமூன்று. என் அடி குறுகிவிட்டது. மாறினால் சொல்லவேண்டும் என்ற சாகேப் இப்போது இல்லை. பாறைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் புது அடிக்கு மாற்றி எழுதிக்கொண்டு, தீக்குச்சிகளை இடது பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பின்னால் ஊரே வந்தது. "இந்தத் தடவை அடிச்சிடாதீங்க, ஆஜோபா," என்று ராக்யாவின் மகன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஆஜோபா என்றால் தாத்தா.

நான் நின்ற இடத்தில் அந்தந்த வீட்டார் கல் வைத்தார்கள். புரியை மட்டும் என்னைத் தொடவிடவில்லை. போகும்போது வைக்கிற கல்லை இந்த வருடம் வரும்போது வைக்கிறோம் என்று ஒரு கிழவி சொன்னாள்.

பதினொன்று முடிந்தது. அதற்கு மேல் கல் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, உள்ளே போகலாமா சுற்றிக்கொண்டு போகவேண்டுமா என்று தெரியாமல் ஓரத்தில் நின்றேன். ஜானுபாய் நடுவில் குந்தி, அம்மா அறுத்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? வந்து உட்காருங்க. இங்க யாரையும் யாரும் கேக்க மாட்டாங்க."

போய் உட்கார்ந்தேன்.